இளைப்பாறினார்

1

என் மேசையின்மீது ஒரு படிவம் மூன்று நாட்களாகக் கிடக்கிறது. நான்கு பக்கங்கள். பெயர், பிறந்த நாள், உட்கொள்ளும் மருந்துகள், பேசும் மொழி, சார்ந்த சமயம் ஆகிய அனைத்தையும் நிரப்பிவிட்டேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக உள்ளது. அவசர நிலையில் முதலில் எவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. பேனாவை எடுக்கிறேன். வைத்துவிட்டுச் சன்னலண்டை போகிறேன். திரும்பி வந்து தேநீர் போடுகிறேன். தேநீர் ஆறிப்போகிறது. மறுபடியும் பேனா.

ஒரு பெயரை எழுதுவதற்கு இத்தனை நடை எதற்கு என்று ஊரிலிருந்து இதனைப் படிக்கும் நீங்கள் வினவலாம். சென்ற ஆண்டு இதே கட்டத்தில் நான் எழுதிய ஒரு பெயரின் காரணமாக, உயிரோடிருந்த எனக்குத் தூத்துக்குடியில் துக்க மணி அடிக்கப்பட்டது. என் ஒரே மகள் என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஆகையால்தான்.

என் பெயர் தொம்மை. அகவை எழுபத்திரண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, இளமையில் சில பருவங்கள் சங்கு குளித்து, பின்னர் கப்பல்களின் எந்திர அறைகளில் உழைத்து, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுக நகரொன்றில் குடியேறியவன். இங்குள்ள கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றேன். பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்தது. மற்றவற்றை நானே படித்துக்கொண்டேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

வருகிற செவ்வாய்க்கிழமை என் நுரையீரலுக்குள் இருக்கும் வால்வுகளில் ஒன்றை மாற்றப்போகிறார்கள். அதற்குள் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

2

நோயின் பெயர் எம்பைசிமா. நம் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து இளைப்பு என்றுதான் சொல்வோம். முப்பத்தைந்து ஆண்டுகள் சிகரெட் புகைத்தேன். எந்திர அறைப் புகையும் அதனோடு சேர்ந்துகொண்டது. நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகள் கிழிந்து, ஒன்றோடொன்று கலந்து, தளர்ந்த பைகளாகிவிட்டன. உள்ளே போகிற காற்று வெளியே வருவதில்லை. பழைய காற்று மார்பை அடைத்துக்கொண்டு நிற்க, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. காற்றில்லாமல் தவிக்கிறேன் என்று நான் எண்ணியிருந்தேன். காற்று மிகுந்துவிட்டதால் தவிக்கிறீர்கள் என்றார் மருத்துவர். இதனை விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சென்ற ஆண்டு வால்வு வைப்பதற்கு முன், குளியலறைக்குப் போய் வருவதே எனக்கு ஒரு பயணமாக இருந்தது. சட்டைப் பொத்தான்களில் மூன்றாவதைப் போட்டதும் கட்டிலில் அமர்ந்து இளைப்பாறுவேன். உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும். எழுந்தால் உட்கார வேண்டும் போலிருக்கும். தூக்கத்திலும் கால்கள் நடந்துகொண்டிருப்பதாக உணர்வேன்.

மூச்சின் அளவை அறிவதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். வெளியே ஓர் இளம்பெண் நின்றுகொண்டு, ஊது, ஊது, இன்னும் ஊது, முழுவதையும் காலி செய் என்று கைகளை ஆட்டி உரக்கச் சொன்னாள். நானும் ஊதினேன். ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் என் தொண்டை தானாக மூடிக்கொண்டது. மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் அவ்வாறே. நோயாளியின் ஒத்துழைப்புப் போதாது என்று அவள் கணினியில் பதிவு செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு மிகுந்த மனத்தாங்கல்.

"அம்மணி, நான் கடலில் முங்கிச் சங்கு எடுத்தவன். கடைசி மூச்சைச் செலவழிப்பவன் கரைக்கு வருவதில்லை. அந்தப் பழக்கம்தான் தடுக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவள் சிரித்தாள். "இங்கே கடல் இல்லை மிஸ்டர் தொம்மை. என்னை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்" என்றாள். நான்காம் முறை கண்களை மூடிக்கொண்டு விட்டுவிட்டேன். ஐம்பது ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்த எதையோ பறிகொடுத்ததைப்போல் இருந்தது. அவளோ கைதட்டினாள்.

3

வால்வு வைக்கும் மருத்துவத்தை எனக்கு விளக்க அந்த மருத்துவர் படங்களை விரித்தார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. கப்பலின் அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாயில் ஒரு வால்வு உண்டு. உள்ளிருக்கும் நீரை வெளியே விடும். வெளியே இருக்கும் கடலை உள்ளே விடாது. என் நுரையீரலில் மிகவும் பழுதடைந்த பகுதிக்குச் செல்லும் கிளைக்குழாய்களில் அத்தகைய சிறு வால்வுகளைப் பொருத்துவார்கள். ஒவ்வொன்றும் நிலக்கடலைப் பருப்பளவு. பழைய காற்று வெளியேறும், புதியது உள்ளே நுழையாது, பழுதடைந்த பகுதி சுருங்கிவிடும். அதனால் கிடைக்கும் இடத்தில் நல்ல பகுதி விரிந்துகொள்ளும். மார்பைக் கிழிப்பதில்லை, தையல் இல்லை. வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி வேலையை முடித்துவிடுவார்கள்.

"வால்வின் வாயில் கசடு சேர்ந்தால் சரியாக மூடாதே, அதற்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்று நோக்கினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசிய விதமே மாறியது. சளி சேரலாம், வால்வு இடம் நகரலாம், அப்படியானால் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்றார். எல்லாருக்கும் இதனைச் செய்ய இயலாது என்றும் சொன்னார். நுரையீரலின் பிரிவுகளுக்கு இடையேயுள்ள தடுப்பு முழுமையாக இருக்க வேண்டும். கப்பலின் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தால், கதவை அடைத்து என்ன பயன்? பக்கத்து அறையிலிருந்து வெள்ளம் வந்துவிடும். ஒரு சிறு பலூனை உள்ளே செலுத்திச் சோதித்தார்கள். என் சுவரில் ஓட்டை இல்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழுதடைந்த பகுதி விரைந்து சுருங்குகையில், பக்கத்திலுள்ள நுரையீரல் இழுபட்டுச் சிலருக்குக் கிழிந்துவிடும். காற்று மார்புக்கூட்டுக்குள் கசிந்து நுரையீரல் சுருண்டுகொள்ளும். அதற்கு அவர்கள் சொல்லும் ஆங்கிலச் சொல், கொலாப்ஸ். உடனே கவனித்தால் சரிப்படுத்திவிடலாம், முதல் சில நாட்கள் மருத்துவமனையிலேயே வைத்துப் பார்ப்போம் என்றார். நான் தலையசைத்தேன். அந்தச் சொல் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் கடந்து போய் என்ன செய்யப்போகிறது என்பதை அப்போது நான் அறியேன்.

4

சேர்க்கை நாளன்று செவிலி ஒருத்தி படிவத்தை நீட்டினாள். உங்களுக்கு ஒன்றென்றால் முதலில் எவருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். ஒரு நொடியும் சிந்திக்காமல் சூசை என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் மைத்துனன் என்பதற்குரிய ஆங்கிலச் சொல். தொலைபேசி எண், தூத்துக்குடி எண்.

"இவர் க்ளோஸா?" என்று கேட்டாள்.

"வெரி க்ளோஸ்" என்றேன்.

அவள் கேட்டது தொலைவை. நான் விடையளித்தது நெருக்கத்தை. முப்பத்திரண்டு ஆண்டுகளாகியும் இத்தகைய இடறல்கள் எனக்குத் தீரவில்லை.

மனைவி மிக்கேலம்மாள் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நாற்பது மைல் தொலைவில் மகள் ஜெனோவா இருக்கிறாள். அவள் பெயரை எழுதாமல் மிக்கேலம்மாளின் அண்ணன் பெயரை ஏன் எழுதினேன் என்பதை உள்நாட்டுப் பகுதியிலிருந்து இதனைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டும். கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முங்குகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் இருக்கும் ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவனின் உயிர் அவன் கையில். அந்தக் கயிற்றைத் தம்பி கையிலும் கொடுக்கமாட்டார்கள், பெற்ற மகன் கையிலும் கொடுக்கமாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள். தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பதே அதன் உட்பொருள். இறந்தவனின் பங்கு எவனுக்குச் சேருமோ அவனிடம் கயிறு போகக்கூடாது என்பது அதன் மறுபக்கம். இந்த மறுபக்கத்தை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் கயிற்றை ஐந்து பருவங்கள் சூசை பிடித்தான். ஒருமுறை எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் கயிறு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. நான் சைகை கொடுக்குமுன்பே மேலே அவனுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. உள்ளங்கைத் தோல் உரிந்து போகும்படி இழுத்து என்னை வெளியே எடுத்துவிட்டான். இழுத்த இழுப்பில் சங்குப்பை கடலோடு போயிற்று. வள்ளத்தில் ஏறியதும் நான் செய்த முதற்காரியம் அவனை ஏசியதுதான்.

"ஒரு பை சங்கு போச்சே மச்சான்! கொஞ்சம் பொறுத்தா என்ன?"

"சங்கு நாளைக்கும் கெடக்கும்லே. எங்க மிக்கேலுக்கு நாளைக்கு எவன் மாப்பிள்ள பாப்பான்?"

இரத்தம் வடியும் கைகளைக் கடல்நீரில் அலசிக்கொண்டே இதைச் சொன்னான். ஆகையால் அந்தச் செவிலி கேட்டதும் என் கை தானாக எழுதிற்று. மொழி தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்கள் என்னை மயக்கமுறச் செய்யப்போகிறார்கள். கயிறு எவன் கையில் என்றுதானே கேட்கிறாள்?

5

திங்களன்று வால்வுகளை வைத்தார்கள். செவ்வாயன்று நடந்தேன். புதன்கிழமை காலை பத்து மணியளவில் இருமினேன். மார்பின் வலப்புறம் யாரோ கம்பியைச் செருகியதைப்போல் வலித்தது. மருத்துவர் முன்னரே சொன்னது நேர்ந்துவிட்டது. நுரையீரல் சுருண்டுவிட்டது. விலாவில் துளையிட்டுக் குழாயைச் செருகிக் காற்றை இறக்க விரைந்தார்கள். அதே வேளையில், முறைப்படி, செவிலி படிவத்தைப் பார்த்துச் சூசையை அழைத்திருக்கிறாள்.

அங்கே பிற்பகல் இரண்டரை மணி. சூசை மதிய உணவு முடித்துவிட்டுத் துறைமுகச் சாலைத் தேநீர்க்கடையில் நின்றிருந்தான். பின்னர் அவன் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"யுவர் பிரதர்-இன்-லாஸ் லங் ஹாஸ் கொலாப்ஸ்டு" என்றாளாம் அவள்.

நம்மூர்த் துறைமுகத்தில் ஆள் கொலாப்ஸ் என்றால் ஆள் முடிந்தான் என்று பொருள். பலகை சரிந்து விழுந்தவனையும் நெஞ்சடைத்து மாண்டவனையும் குறித்து மேற்பார்வையாளர்கள் எழுதும் சொல் அதுவே. நுரையீரலைக் குறிக்கும் லங் என்ற சொல்லை அவன் செவி வாங்கவில்லை.

"ஃபுல் கொலாப்ஸா சிஸ்டர்?"

"யெஸ், கம்ப்ளீட்லி. பட் டோன்ட் வொரி. ஹி இஸ் இன் குட் ஹேண்ட்ஸ்."

நல்ல கைகளில் இருக்கிறார் என்றால் ஆண்டவரின் கைகள் என்று சூசை விளங்கிக்கொண்டான். பிற நாட்டுச் செவிலியாயினும் எவ்வளவு பக்தியோடு ஆறுதல் சொல்கிறாள் என்று உருகி, "ஓகே சிஸ்டர், தேங்க் யூ சிஸ்டர்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தான். தேநீர்க் குவளையை வைத்துவிட்டு நேரே கோவிலுக்குப் போனான். துக்க மணி அடிக்கச் சொன்னான். பிறகு குடும்பத்தார் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், என் பழைய படமொன்றின் கீழ் எரியும் மெழுகுதிரியை வைத்து, "தொம்மை இறைவனில் இளைப்பாறினார்" என்று எழுதி அனுப்பினான்.

இனி நடந்ததை எழுத என் கை கூசுகிறது. இருப்பினும் எழுதுகிறேன்.

ஜெனோவா நான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். பேசும் தமிழ் தாயிடமிருந்து கற்றது, தூத்துக்குடித் தமிழ். எழுத்தை நான் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தேன். கூட்டிக்கூட்டிப் படிப்பாள். அச்சுத் தமிழின் இழவுச் சொற்கள் அவளுக்குத் தெரியா. தெரிவதற்கு வாய்ப்பும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு சாவு நிகழ்ந்தது, அதற்கும் நாங்கள் ஆங்கிலத்தில்தான் அறிவிப்புக் கொடுத்தோம். ஆனால் இளைப்பு என்ற சொல்லை அவள் நன்றாக அறிவாள். ஈராண்டுகளாக எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அது. வால்வு வைத்தால் அப்பாவுக்கு இளைப்பு ஆறிவிடும் என்று நானே அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மெழுகுதிரியை, வேண்டுதல் பலித்ததற்கு ஏற்றிய நேர்ச்சைத் திரி என்று எண்ணிக்கொண்டாள்.

நகராட்சி அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அந்தச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்துவிட்டு, குழுவில் இவ்வாறு விடையெழுதினாள்: "ரொம்ப சந்தோஷம்! இதுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தோம். எல்லாருக்கும் தேங்க்ஸ்."

அடுத்த நிமிடம் சூசை அவளை அழைத்தான்.

"ஏளா, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? அப்பன் செத்த சேதிக்குச் சந்தோசம்னு போடுத?"

"யாரு மாமா செத்தா?"

"யாரா? ஒங்கப்பன்லா! மணி அடிச்சாச்சு. ஊரே கூடி நிக்கி. நீ காத்துக்கிட்டா இருந்த?"

அதற்குமேலும் அவன் ஏசியிருக்கிறான். கோபத்தில் அல்ல, துக்கத்தில். ஆனால் கேட்டவளுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

6

இங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு வார்டின் கதவு திறந்தது. விலாவிலிருந்து புறப்பட்ட குழாய் கட்டிலடியில் ஒரு புட்டியில் குமிழிவிட்டுக்கொண்டிருக்க, நான் வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். ஜெனோவா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேலங்கியின் ஒரு கை மட்டும் மாட்டப்பட்டிருந்தது.

"வாம்மா. சாப்பிட்டியா?"

அவள் என்னையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேலைக்குப் போகலியா?"

"நீங்க செத்துட்டீங்கன்னு மாமா சொல்லுதாங்க" என்றாள்.

"யாரு, நானா?"

அவள் என் அருகில் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சரிந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில் முதியவர் திரையை இழுத்து மூடிக்கொண்டார். அழுகை ஓய்ந்ததும் தொலைபேசியை வாங்கி ஊருக்கு அழைத்தேன்.

"மச்சான், தொம்மை பேசுதேன்."

"எந்தத் தொம்மை?"

"செத்த தொம்மை."

"ஏ மாதாவே!" என்று அலறினான். சுற்றிலும் பல குரல்கள் எழுந்தன. பிறகு, "மணி அடிச்சாச்சேலே, இனி என்ன செய்ய? திருப்பி அடிக்க முடியாதுல்லா" என்றான். நான் சிரித்தேன். சிரித்ததும் விலா வலித்தது. ஆனால் ஜெனோவா சிரிக்கவில்லை. செவிலியிடம் போய், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாள். செவிலி படிவத்தைக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"அப்பா, நான் நாப்பது மைலு. மாமா அங்கன, கடலுக்கு அந்தப் பக்கம். ஏன் மாமா பேரு?"

கயிற்றின் வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். விளக்கத் தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வாய்விட்டுச் சொல்லக்கூடாத அந்த மறுபக்கத்தையும், மயக்க மருந்தின் தளர்ச்சியிலோ என் மடமையிலோ, சொல்லிவிட்டேன்: பங்கு சேருகிறவர் கையில் கயிற்றைக் கொடுப்பதில்லை.

அவள் குழாயின் குமிழிகளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க செத்தா எனக்கு என்ன கெடைக்கும்னு நெனைச்சீங்க? மாமா அம்மாவுக்காகத்தான் புடிச்சாங்க. அம்மாவே இல்ல. அப்பவும் கயிறு என் கைல இல்ல?"

இதுவே அவள் என்னிடம் கடைசியாகப் பேசிய தமிழ். அதற்குப் பின் ஞாயிறுதோறும் வந்தாள், மருந்து வாங்கினாள், குளிர்பெட்டியை நிரப்பினாள், எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே செய்தாள். குடும்பக் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

7

நுரையீரல் ஐந்து நாட்களில் விரிந்துகொண்டது. அடுத்த மூன்று மாதங்களில் நான் கடற்கரைச் சாலையின் இறுதிவரை நிற்காமல் நடந்தேன். சட்டைப் பொத்தான்களை முழுவதும் போட்டேன். நடந்தேன், நடந்தேன், உட்காரவே மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் கட்டுண்டவன் அல்லவா? வீட்டில் பேச ஆளில்லாததும் காரணமாகலாம்.

சென்ற மாதம் மீண்டும் மூச்சு கனத்தது. சோதித்துப் பார்த்ததில் ஒரு வால்வு இடம் நகர்ந்திருப்பது தெரிந்தது. மாற்ற வேண்டும். பழைய எச்சரிக்கையே மீண்டும்: சிலருக்குக் கிழியலாம். புதிய படிவம் அஞ்சலில் வந்தது.

கட்டத்தை வெறுமையாக விட்டால் ஆகாதா என்று மருத்துவமனை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். கணினி ஏற்காது என்றார்கள். இரண்டு பெயர்கள் எழுதலாமா? ஒரு பெயர்தான். என் பெயரையே எழுதிவிட்டால்? மறுமுனையில் இருந்தவர் அதனை நகைச்சுவை என்று எண்ணிக்கொண்டார்.

ஜெனோவாவின் பெயரை எழுதினால் போதாதா? போதாது. எங்கள் வள்ளத்தில் கயிறு கைமாறுவதானால், பிடித்திருப்பவனிடம் சொல்லாமல் மாற்றுவது அவனைக் கொலைகாரன் என்பதற்கு ஒப்பாகும். அவளிடமும் கேட்காமல் எழுதலாகாது. அவள் மறுத்துவிட்டால் என்ன செய்வேன் என்பதை நினைத்தாலே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.

நேற்று, சனிக்கிழமை, சூசையை அழைத்தேன்.

"மச்சான், ஒரு வெசயம். கோவிச்சுக்கக் கூடாது."

"செத்துட்டேன்னு சொல்லப்போறியா? இந்தத் தடவ நான் நம்ப மாட்டேன்."

"கயிற மாத்தலாம்னு இருக்கேன்."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. எழுபத்துநான்கு வயதிலும் நல்ல மூச்சு அவனுக்கு.

"பிள்ளைக்கா?"

"பிள்ளைக்குத்தான்."

"குடு. மொதல்லயே அவளுக்குக் குடுத்திருக்கணும்லே. இங்கன இருந்துக்கிட்டு நான் எத இழுக்க? கொலாப்ஸுன்னா என்னன்னு தெரியாத பய நான்." சற்று நேரம் இருமினான். இருமலா வேறேதுமா என்று நான் ஆராயவில்லை. "ஆனா மாப்ளே, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. கயிறு புடிக்கதுன்னா சும்மா கைல வச்சிக்கிட்டு நிக்கதா?"

"நீயே அவளுக்குச் சொல்லிக்குடு."

"எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் பேச? அப்பன் சாவுக்குக் காத்திருந்தவளுன்னு சொன்ன வாய்லா இது. ஒரு வருசமா அந்தப் பேச்சு என் தொண்டையிலேயே நிக்கி. அவ எடுக்க மாட்டா."

"எடுக்காட்டா?"

"எடுக்காட்டா நான் செத்துட்டேன்னு போடு. ரொம்ப சந்தோசம்னு எழுதுவா" என்றான். இருவரும் சிரித்தோம். தொலைபேசியை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

8

இன்று பகல் ஜெனோவா வந்தாள். பைகளை இறக்கி வைத்துவிட்டு, மேசைமீதிருந்த படிவத்தைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். வெறும் கட்டத்தை அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.

நாற்காலியில் இருந்து எழுந்து, எழுந்தது எதற்கென்று தெரியாமல் மீண்டும் அமர்ந்தேன். தமிழிலேயே கேட்டேன்.

"ஒன் பேர எழுதலாமா ஜெனோவா?"

அவள் ஆங்கிலத்தில், மாமாவுக்கு வருத்தமாக இருக்காதா என்றாள்.

"கேட்டுட்டேன். குடுன்னு சொல்லிட்டான்."

மறுபடியும் ஆங்கிலம். பங்கு சேருகிறவள் கையில் கயிற்றைக் கொடுக்கலாமா, அதை யோசித்தீர்களா என்றாள். பங்கு என்ற அந்தச் சொல்லை ஓராண்டாக அவள் சுமந்திருக்கிறாள்.

"அது கடல்ல சொன்ன சட்டம்மா. ஒன்னைய நெனைச்சுச் சொல்லல. ஒன்னைய நெனைக்காமலே எழுதிட்டேன். அதுதான் தப்பு." இதைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று மூச்சு பிடித்தது. "மன்னிச்சிக்க" என்று நான்காம் மூச்சில் சொன்னேன். என் வாழ்நாளில் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் தெரிந்தன. திரும்பியபோது தமிழில் பேசினாள். ஓராண்டு புழங்காததால் சொற்கள் இடறின.

"நான் மாமா மாதிரி இல்லப்பா. மாமா கை பிஞ்சு போனாலும் இழுத்துக்கிட்டேதான் இருப்பாங்க. என்கிட்ட டாக்டர் கேட்டா... இனி இழுத்தா ஒங்களுக்கு வலிதான்னு தெரிஞ்சா, நான் போதும்னு சொல்லிருவேன். அழுதுகிட்டே சொல்லுவேன். ஆனா சொல்லுவேன். சம்மதமா? சம்மதம்னா எழுதுங்க."

எழுபத்திரண்டு ஆண்டுகளில் என்னிடம் எவரும் இத்தகைய கேள்வியைக் கேட்டதில்லை. விடாதவன் கையில்தான் உயிரைக் கொடுக்கலாம் என்றே எண்ணி வாழ்ந்திருக்கிறேன். விடவேண்டிய நேரத்தை அறிந்தவள் ஒருத்தி என் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறாள், அதை நான் கவனிக்கவில்லை.

"சம்மதம்" என்றேன்.

பெயரை எழுதினேன். உறவு: மகள். தொலைபேசி எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். படிவத்தை வாங்கி ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "மாமா நம்பர் அதேதானா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்பது தகாது என்பதை அறிவேன். சூசையின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலேயே இரண்டு தெரு தாண்டும். அவள் அதனை ஒலிபெருக்கியில் வேறு வைத்திருந்தாள். முதலில் கிழவன் அழுவது கேட்டது. அவள், "விடுங்க மாமா, நானும் தப்பாத்தானே படிச்சேன்" என்றாள். இன்னும் சிறிது நேரம் சென்றபின் அவள் சிரிப்பு கேட்டது.

அதன் பிறகுதான் பாடம் தொடங்கியது.

"ஏ மக்கா, நல்லாக் கேட்டுக்க. ஒங்கப்பன் பொய் சொல்லுவான். முங்குத பயலுவ எல்லாரும் பொய் சொல்லுவானுவ. இன்னும் ஒரு மூச்சு இருக்கு, இன்னும் ஒருக்க எறங்குதேன்ம்பான். நம்பிராத."

"அப்ப எப்படித் தெரியும்?"

"ஒதட்டப் பாரு. நீலம் ஓடுச்சுன்னா ஆள் பொய்க்காரன். நகத்தப் பாரு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம சிரிச்சாம்னா மூச்சு இல்லன்னு அர்த்தம். நல்லாருக்கேன்னு சொன்னாம்னா மட்டும்..."

"சொன்னா?"

"உடனே தூக்கிரு."

நான் மேலே பார்த்து, என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று குரல் கொடுக்க முயன்றேன். நின்றே கேட்டுக்கொண்டிருந்ததால் குரலுக்குப் போதுமான காற்று இல்லை. மாடியில் கதவு திறந்தது. ஜெனோவா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இறங்கி வந்து, எனக்கு இரண்டு படி மேலே நின்றாள். என் கண்களைப் பார்க்கவில்லை. சற்றுக் கீழே, என் உதடுகளைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கீங்கப்பா?"

"நல்லாருக்கேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை.